பரிந்துரைக்க அங்கே மாநிலம் உண்டு. பாதுகாக்க இங்கே சட்டம் எங்கே?

கேரள மாநிலம், இடுக்கி மாவட்டத்தில் கோட்டயம் - குமுளி நெடுஞ்சாலையில் உள்ள வண்டிப்பெரியாரும், அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்து ஆள்களை வரவழைத்த ஊர்கள். இன்று அதே தோட்டங்களின் லயங்களில் பிறந்து வளர்ந்து, செவிலியர் பட்டமோ தொழிற்பயிற்சிச் சான்றோ பெற்ற தலைமுறை வெளியேறும் வழியைத் தேடுகிறது. வளைகுடா நாடுகளில் ஒப்பந்த வேலை என்பது பழகிய வழி. குடும்பத்துடன் சென்று நிலையாகத் தங்கலாம் என்ற நம்பிக்கையைத் தருவது மற்றொரு வழி. அதுவே 'மாநிலப் பரிந்துரை' பெற்ற திறன்மிகு தொழிலாளர் விசா.

ஒப்பந்த வேலைக்குச் செல்வோருக்கு இந்தியச் சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. ஆனால், நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்போரிடம் பணம் வாங்கும் ஆலோசகர்களை 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. இந்த இடைவெளியின் சுமை, கையில் சொத்தும் ஆவணமும் குறைந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மீதே அதிகமாக விழக்கூடும்.

பரிந்துரை என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவில் விசா வழங்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. எனினும், தங்களுக்கு எத்தகைய தொழிலாளர் தேவை என்பதைக் கூறி, தகுதியானவரைப் பரிந்துரைக்கும் உரிமை மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் அளிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு பரிந்துரை பெற்றவருக்கு வழங்கப்படும் நிரந்தர விசா, 190-ஆம் பிரிவு எனப்படுகிறது. 491-ஆம் பிரிவு பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டாரங்களுக்கானது. அது 5 ஆண்டுத் தாற்காலிக விசா. அந்த வட்டாரங்களில் வாழ்ந்து, 3 ஆண்டுகளுக்கு வருமானக் கணக்குக் காட்டிய பிறகே அதிலிருந்து நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும்.

2024-25-ஆம் ஆண்டுக்கு ஆஸ்திரேலிய அரசு திட்டமிட்ட நிரந்தரக் குடியேற்ற இடங்கள் மொத்தம் 1,85,000. அவற்றில் மாநிலப் பரிந்துரைப் பிரிவுக்கு 33,000 இடங்களும், வட்டாரப் பிரிவுக்கு 33,000 இடங்களும் ஒதுக்கப்பட்டன. யாருடைய பரிந்துரையும் இன்றித் தனித்து விண்ணப்பிப்போருக்கு 16,900 இடங்கள் மட்டுமே. திறன்மிகு தொழிலாளருக்கு மாநிலங்களின் வாசல் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

கனடாவிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. மானிடோபா மாகாணம் 1998-இல் தொடங்கிய முறை பின்னர்ப் பிற மாகாணங்களுக்கும் பரவியது. விரைவு நுழைவு முறையில் மாகாணப் பரிந்துரை பெற்றவருக்கு 600 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால், 2025-ஆம் ஆண்டில் மாகாணப் பரிந்துரை வழியே ஏற்கும் எண்ணிக்கையை அந்நாடு 55,000 ஆகப் பாதியளவுக்குக் குறைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. அந்த வாசல் அவர்களுடைய தேவைக்கேற்பத் திறக்கும், மூடும்.

மதிப்பெண் கணக்கு

ஆஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பிக்க 45 வயதுக்கு உள்பட்டவராக இருக்க வேண்டும். வயது, கல்வி, பணி அனுபவம், ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. குறைந்தது 65 மதிப்பெண் தேவை.

29 வயதான, மணமாகாத செவிலியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, இளநிலைப் பட்டத்துக்கு 15, இந்தியாவிலோ வளைகுடாவிலோ 3 ஆண்டுப் பணிக்கு 5, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் 7 பெற்றால் 10, துணைவர் இல்லாதவர் என்பதற்கு 10. ஆக மொத்தம் 70. மாநிலப் பரிந்துரை கிடைத்தால் மேலும் 5.

இங்கே மற்றொரு செய்தியும் உண்டு. சமூக மொழித் தேர்வு ஒன்றில் தேறினால் 5 மதிப்பெண் கிடைக்கும். அந்தத் தேர்வை எழுதக்கூடிய மொழிகளில் தமிழும் மலையாளமும் இடம்பெற்றுள்ளன. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்த வண்டிப்பெரியார்ப் பிள்ளைகள் இவற்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மாநில அரசின் பரிந்துரைக்கு எத்தனை மதிப்பெண்ணோ, அத்தனை மதிப்பெண் தாய்மொழிக்கும் கிடைக்கிறது.

ஆனால், 65 என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. முதலில், அந்தத் தொழிலுக்குரிய அமைப்பிடம் திறன் மதிப்பீடு பெற வேண்டும். அதன்பின் விருப்ப மனுவை இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தவர்களிலிருந்து மாநிலங்கள் தமக்கு வேண்டியவர்களைத் தேர்வு செய்யும். அழைப்பு வந்தால் 60 நாள்களுக்குள் முழு விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தப்பட வேண்டும். கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலர். துணைவருக்கும் குழந்தைகளுக்கும் தனி. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் இந்தத் தொகை பொதுவாகத் திரும்பக் கிடைக்காது.

கொழுந்து பறிப்பது 'திறன்' அல்ல

வண்டிப்பெரியார் அமைந்துள்ள பீர்மேடு வட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தோட்டங்களை அமைத்தபோது, கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள்களைத் திரட்டிச் சென்றனர். அன்று அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கங்காணியின் சொல்லும் கடன் கணக்குமே அவர்களுடைய ஆவணங்கள்.

மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இவ்விரு வட்டங்களும் கேரளத்தின் பகுதிகளாயின. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பிள்ளைகளையாவது தோட்டத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தை அந்த ஆண்டுகளின் பசி ஆழமாக்கியது.

தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளின் பழக்கம் எந்த நாட்டின் திறன்மிகு தொழில் பட்டியலிலும் ஏறவில்லை. செவிலியர், மின்பணியாளர், பற்றவைப்பவர், தச்சர், சமையற்கலைஞர் ஆகியோருக்கே அந்தப் பட்டியல்களில் இடம். எனவே, இந்த வழி தோட்டத் தொழிலாளிக்கானது அல்ல. படிப்பைக் கொண்டு தோட்டத்திலிருந்து வெளியேறிய பிள்ளைக்கானது. அந்தப் பிள்ளையும் மூன்று தடைகளைக் கடக்க வேண்டியுள்ளது.

பெயர், பணம், சான்று

முதல் தடை பெயர். தமிழர் வழக்கில் தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தாக இருப்பது கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிகிறது. தலைப்பிரசவத்துக்காகத் தேனி மாவட்டத்துத் தாய்வீட்டுக்குச் சென்று பெற்ற குழந்தையின் பிறப்புச் சான்று தமிழகத்தில் பதிவாகும். பள்ளிச் சான்று கேரளத்தில் அமையும். ஒரே பெயர் இரண்டு மாநில ஆவணங்களில் ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக இருப்பது உள்ளூரில் பெரிதாகத் தெரியாது. வெளிநாட்டு அதிகாரிக்கு அவை இரண்டு வெவ்வேறு நபர்களின் ஆவணங்களாகத் தோன்றக்கூடும்.

இரண்டாவது தடை பணம். திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, விசா கட்டணம், பயணம் என்று சேரும் செலவு பல லட்சம் ரூபாயைத் தொடும். நிலமும் வீடும் உள்ள குடும்பம் அவற்றை அடகுவைத்து வங்கிக் கடன் பெறலாம். லயத்து வீடோ தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று விதித்தது; அந்த வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை. வேலை முடிந்தால் வீடும் போகும். அடகுவைக்க ஏதும் இல்லாத குடும்பத்துக்கு எஞ்சுவது நகையும் வட்டிக் கடனும்தான்.

மூன்றாவது தடை பணிச் சான்று. நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே அனுபவம் மதிப்பிடப்படுகிறது. சிறு பட்டறையில் ரொக்கக் கூலிக்கு உழைத்தவரிடம் தொழில் இருக்கும், தாள் இருக்காது.

இந்த மூன்றாவது தடையில்தான் ஆபத்து நுழைகிறது. இல்லாத அனுபவத்துக்குச் சான்று தயாரித்துத் தருவதாகக் கூறும் இடைத்தரகர், விண்ணப்பதாரரின் பெயரிலேயே பொய்யைப் பதிவு செய்கிறார். போலி ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் ஆஸ்திரேலிய விதிகளின்படி 3 ஆண்டுகளுக்கு விசா மறுக்கப்படலாம். அடையாளம் தொடர்பான பொய் என்றால் 10 ஆண்டுகள். தரகருக்குப் போவது ஒரு வாடிக்கையாளர். விண்ணப்பதாரருக்கு வயது மதிப்பெண் குறைகிறது. கடனுக்கு வட்டி ஏறுகிறது.

சட்டம் காக்கும் எல்லை

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வேலைக்காக வெளிநாடு செல்வதையே 'குடிபெயர்வு' என்று வரையறுத்தது. வெளிநாட்டு முதலாளிக்காக ஆள் திரட்டும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். தொழிலாளியிடம் அவர் வசூலிக்கும் சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை.

நிரந்தரக் குடியேற்ற விசா கோருபவருக்கோ முதலாளி இல்லை. எனவே, அவருக்கு ஆலோசனை கூறுபவர் சட்டத்தின் பார்வையில் ஆள்சேர்ப்பு முகவர் ஆவதில்லை. பதிவும் இல்லை, கட்டண வரம்பும் இல்லை. ஏமாற்றப்பட்டவர் பொதுவான மோசடிப் பிரிவுகளிலோ நுகர்வோர் ஆணையத்திலோதான் முறையிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே கட்டணம் பெற்றுக் குடியேற்ற உதவி அளிப்பவர் பதிவு பெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குற்றம். ஆனால், அந்தச் சட்டத்தின் கை இந்திய நகரங்களில் அலுவலகம் நடத்துபவரை எட்டுவதில்லை. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை எவரும் இணையத்தில் சரிபார்க்கலாம் என்பது ஒன்றே இங்குள்ளவருக்குக் கிடைக்கும் துணை. மாநிலப் பரிந்துரையை 'உறுதியாக வாங்கித் தருகிறோம்' என்று சொல்லும் எவரும் உண்மை சொல்லவில்லை. பரிந்துரைப்பதா, இல்லையா என்பது அந்த மாநில அரசின் விருப்பம். அதை எந்த முகவரும் விற்க முடியாது. விளம்பரங்களில் 'குடியுரிமை' என்று சொல்லப்படுவதும் பிழை. கிடைப்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை; குடியுரிமை அதற்குப் பின் தனியாகக் கோர வேண்டியது.

மாநிலங்களால் முடியாதா?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், நாட்டிலிருந்து குடிபெயர்தல், கடவுச்சீட்டு, விசா ஆகியவை மத்தியப் பட்டியலின் 19-ஆவது இனமாக உள்ளன. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலம் யார் வர வேண்டும் என்று சொல்கிறது. இங்கே ஒரு மாநிலம் தன் மக்கள் எப்படிப் போகிறார்கள் என்பதில்கூட ஓரளவுக்கு மேல் தலையிட முடிவதில்லை.

எனினும், பஞ்சாப் அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, பயண முகவர்களும் ஆலோசகர்களும் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாத முகவர்கள் அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனாலும், யார் மீது எந்தச் சட்டத்தின்கீழ் புகார் தருவது என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு.

கேரளத்தில் 2002-இல் தொடங்கப்பட்ட நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம், ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமையுடன் 2021 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டு செவிலியரை அனுப்பி வருகிறது. தமிழக அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு. இரண்டும் முதலாளியின் தேவைக்கு ஆள் அனுப்பும் பணியை மையமாகக் கொண்டவை. குடியேற்ற விசாவுக்குத் தானே விண்ணப்பிக்கும் ஒருவருக்கு, எல்லையோரத் தமிழ்ப் பகுதியில், தமிழில் வழிகாட்டும் பொறுப்பை யார் ஏற்பது?

தில்லியில் செய்ய வேண்டியது

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 'வெளிநாட்டு இடப்பெயர்வு (வசதி மற்றும் நலன்) மசோதா'வின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான சட்டத்தை மாற்றும் முயற்சி வரவேற்கத்தக்கது. வேலைக்கு ஆள்சேர்ப்பவர்களுடன், கட்டணம் பெறும் குடியேற்ற ஆலோசகர்களையும் புதிய சட்டம் தெளிவாக உள்ளடக்க வேண்டும். பதிவு, கட்டண வரம்பு, எழுத்துபூர்வ ஒப்பந்தம், விண்ணப்பத்தின் முழுப் பிரதியை விண்ணப்பதாரருக்கு அளித்தல் ஆகிய நான்கும் கட்டாயமாக வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறியதாகத் தோன்றலாம். தன் பெயரில் என்ன எழுதி அனுப்பப்பட்டது என்று தெரியாமல் கையொப்பமிட்டவரை அதுவே காப்பாற்றும்.

மாநில அரசுகள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பீர்மேடு, தேவிகுளம் போன்ற வட்டங்களில் பெயர்த் திருத்தத்துக்கும் சான்று சரிபார்ப்புக்கும் தமிழ் அறிந்த உதவி மையம் அமைக்கக் கேரள அரசு முன்வரலாம். தேனி மாவட்டத்தில் பதிவான பிறப்புச் சான்றுகளை விரைந்து திருத்தித் தரத் தமிழக அரசு ஏற்பாடு செய்யலாம். ஈடு காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இரு அரசுகளும் கடன் உத்தரவாதம் அளிப்பது பற்றியும் ஆலோசிக்கலாம்.

கங்காணியை நம்பி மலையேறிய முன்னோருக்கு அன்று கேட்க ஆளில்லை. காக்கச் சட்டமும் இல்லை. வாக்குரிமையும் பட்டமும் பெற்ற அவர்களுடைய பேரப்பிள்ளைகள், பதிவில்லாத முகவரை நம்பிக் கடல் கடக்கும் நிலை தொடரக் கூடாது. தமிழக, கேரள நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதை வலியுறுத்த வேண்டும்.