வியூக விளையாட்டில் ஜெர்மானியக் காலாட்படைப் பிரிவுகளை மீளமைத்தல்

வியூக விளையாட்டில் ஜெர்மானியக் காலாட்படைப் பிரிவுகளை மீளமைத்தல் என்பது, இரண்டாம் உலகப்போரில் உண்மையில் இருந்த ஜெர்மானியக் காலாட்படை டிவிசன்களின் அமைப்பைக் கணினி விளையாட்டில் இயன்றவரை அப்படியே உருவாக்கிப் பார்ப்பதாகும். சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016ஆம் ஆண்டு சூன் 6 அன்று வெளியிட்ட 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' இதற்கு வாய்ப்பளிக்கும் விளையாட்டுகளுள் ஒன்று. இக்கட்டுரை 1939ஆம் ஆண்டு டிவிசன், 1944ஆம் ஆண்டு டிவிசன், இந்தியர்களைக் கொண்டிருந்த 950ஆவது காலாட்படை ரெஜிமெண்ட் ஆகிய மூன்றையும் அவ்விளையாட்டில் அமைக்கும் முறையையும், அதில் விடுபட்டுப்போகும் செய்திகளையும் விளக்குகிறது.

பின்னணி

படைகளைக் காய்களாக்கி விளையாடும் வழக்கம் பழமையானது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் காய்களாகக் கொண்ட சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது. ஆனால் சதுரங்கத்தில் காலாள் என்பது ஒரு காய் மட்டுமே. அதில் எத்தனை வீரர், எத்தனை ஆயுதம் என்ற கணக்கு இல்லை. அந்தக் கணக்கை விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பிரசியப் படை அதிகாரிகள். கியோர்க் ஹைன்ரிக் ஃபான் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்பீல்' விதிகள் நிலப்படத்தின் மீது படைப்பிரிவுகளை நகர்த்தி, இழப்புகளைப் பகடையால் கணித்தன. இன்றைய கணினி வியூக விளையாட்டுகள் அதே வழியில் வந்தவை.

டிவிசன் என்றால் என்ன?

ஒரு படையின் அலகுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியவை. சில கம்பனிகள் சேர்ந்தது பட்டாலியன். சில பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமெண்ட். சில ரெஜிமெண்டுகளும் பீரங்கி, பொறியியல் முதலிய துணைப் பிரிவுகளும் சேர்ந்தது டிவிசன். வேறு படையின் உதவியின்றிச் சில காலம் தனித்துப் போரிடக்கூடிய அலகே டிவிசன். ஆகவேதான் விளையாட்டுகளும் அதையே அடிப்படை அலகாகக் கொள்கின்றன.

1939இல் முதல் அலையில் திரட்டப்பட்ட ஜெர்மானியக் காலாட்படை டிவிசனின் அமைப்பு பின்வருமாறு:

- மூன்று காலாட்படை ரெஜிமெண்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன்கள். மொத்தம் 9 பட்டாலியன்கள்
- 36 இலகு ஹோவிட்சர்களும் (10.5 செ.மீ.) 12 கன ஹோவிட்சர்களும் (15 செ.மீ.) சேர்ந்து 48 பீரங்கிகள்
- வேவு, டாங்கி எதிர்ப்பு, பொறியியல், தகவல் தொடர்பு ஆகிய நான்கு துணைப் பட்டாலியன்கள்
- சுமார் 17,700 வீரர்கள், ஏறத்தாழ 5,000 குதிரைகள்

விளையாட்டில் அமைத்தல்

விளையாட்டின் டிவிசன் வடிவமைப்புப் பகுதியில் ஒரு கட்டம் இருக்கும். அதன் ஒவ்வொரு நிரலும் ஒரு ரெஜிமெண்ட். நிரலில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு பட்டாலியன். பக்கத்தில் ஐந்து துணைக் கம்பனிகளுக்கு இடம் உண்டு. இவ்வாறு வரையப்படும் அமைப்பு 'வார்ப்புரு' எனப்படும். கீழே தரப்படும் அளவுகள் விளையாட்டின் அடிப்படை அளவுகள். புதுப்பிப்புகளில் இவை மாறக்கூடும்.

முதல் மூன்று நிரல்களில் மும்மூன்று காலாட்படைப் பட்டாலியன்களை வைத்தால் வரலாற்றில் இருந்த 9 பட்டாலியன்கள் கிடைத்துவிடும். பீரங்கிதான் சிக்கல். உண்மையான டிவிசனில் நான்கு பீரங்கிப் பட்டாலியன்கள் இருந்தன என்பதால் பலர் நான்கு பீரங்கிக் கட்டங்களைச் சேர்த்துவிடுகின்றனர். ஆனால் ஜெர்மானியப் பீரங்கிப் பட்டாலியனில் இருந்தவை 12 பீரங்கிகள். விளையாட்டின் ஒரு பீரங்கிப் பட்டாலியனிலோ 36. நான்கு கட்டங்கள் வைத்தால் 144 பீரங்கிகள் ஆகிவிடும். அது உண்மையைப்போல் மூன்று மடங்கு. மாறாக, ஒரு பீரங்கிப் பட்டாலியனும் (36) ஒரு துணைப் பீரங்கிக் கம்பனியும் (12) வைத்தால் சரியாக 48 வரும். பெயரைப் பார்த்து அமைக்காமல் எண்ணிக்கையைப் பார்த்து அமைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீதமுள்ள நான்கு துணை இடங்களில் வேவு, டாங்கி எதிர்ப்பு, பொறியியல், தகவல் தொடர்பு ஆகியவற்றை வைத்தால் வார்ப்புரு நிறைவடையும். காலாட்படைப் பட்டாலியனுக்கு 2, பீரங்கிக்கு 3 என்ற கணக்கில் இதன் போர் அகலம் 21.

1944ஆம் ஆண்டு டிவிசன் இதைவிடச் சிறியது. கிழக்குப் போர்முனை இழப்புகளை ஈடுசெய்ய ஆள் இல்லாமையால், ஒவ்வொரு ரெஜிமெண்டும் இரண்டு பட்டாலியன்களாகக் குறைக்கப்பட்டது. வேவுப் பட்டாலியனுக்குப் பதிலாக ஃபியூசிலியர் பட்டாலியன் ஒன்று வந்தது. இதை மீளமைக்க 1939 வார்ப்புருவைப் படியெடுத்து, ஒவ்வொரு நிரலிலும் ஒரு பட்டாலியனை நீக்கி, ஃபியூசிலியருக்காக ஒன்றைத் தனியே சேர்த்து, வேவுக் கம்பனியை அகற்றலாம். மொத்தம் 7 பட்டாலியன்கள்; போர் அகலம் 17.

ஆள்பலத்தில் வரும் வேறுபாடு

விளையாட்டில் ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்கு 1,000 பேர், பீரங்கிப் பட்டாலியனுக்கு 500 பேர். துணைக் கம்பனிகளையும் சேர்த்தால் 1939 வார்ப்புருவின் ஆள்பலம் 12,000ஐத் தாண்டாது. உண்மையான டிவிசனோ 17,700 பேர் கொண்டது. விடுபட்டவர்களில் பெரும்பாலோர் பீரங்கி இழுக்கும் குதிரைகளை ஓட்டியவர்கள், வண்டித் தொடரினர், ரொட்டி சுட்டவர்கள், இறைச்சி வெட்டியவர்கள், மருத்துவப் பணியாளர்கள், கால்நடை மருத்துவப் பிரிவினர். ஜெர்மானியப் படை முழுவதும் டாங்கிகளிலும் லாரிகளிலும் சென்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அதன் காலாட்படை நடந்தே சென்றது; அதன் பீரங்கியைக் குதிரைகள் இழுத்தன.

950ஆவது காலாட்படை ரெஜிமெண்ட்

ஜெர்மானியப் படையின் 950ஆவது காலாட்படை ரெஜிமெண்டில் வீரர்கள் இந்தியர்கள். 'இந்திய லீஜன்' எனவும் இது அறியப்படும். பிரித்தானிய இந்தியப் படையில் இருந்து வட ஆப்பிரிக்காவில் சிறைபிடிக்கப்பட்டவர்களைக் கொண்டு, சுபாஷ் சந்திர போசின் முயற்சியால் இது அமைக்கப்பட்டது. சிறைபிடிக்கப்பட்ட இந்தியர்களுள் பெரும்பாலோர் இதில் சேரவில்லை. சேர்ந்தவர்கள் 1942 ஆகத்தில் கோனிக்ஸ்பிரூக் பயிற்சி முகாமில் உறுதிமொழி எடுத்தனர். சமயம், சாதி வாரியாகப் பிரிக்காமல் அனைவரையும் ஒரே கம்பனிகளில் சேர்த்தது இதன் தனித்தன்மை.

இதில் நான்கு கம்பனிகள் கொண்ட மூன்று பட்டாலியன்கள் இருந்தன. அவற்றுடன் ஆறு இலகு பீரங்கிகள் கொண்ட 13ஆவது கம்பனி, டாங்கி எதிர்ப்புக்கான 14ஆவது கம்பனி, பொறியியலுக்கான 15ஆவது கம்பனி ஆகியவை இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 2,600 பேர், 81 மோட்டார் வாகனங்கள், 700 குதிரைகள்.

விளையாட்டில் இதை இரண்டு வழிகளில் அமைக்கலாம். ஒரே நிரலில் மூன்று காலாட்படைப் பட்டாலியன்களும், துணையாக டாங்கி எதிர்ப்பு, பொறியியல் கம்பனிகளும் கொண்ட சிறு வார்ப்புரு ஒன்றைத் தனியே உருவாக்குவது ஒரு வழி. துணைப் பீரங்கிக் கம்பனியைச் சேர்த்தால் 12 பீரங்கிகள் வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது உண்மைக்கு நெருக்கமானது. மற்றொரு வழி, பிரான்சில் இந்த ரெஜிமெண்ட் முதலில் இணைக்கப்பட்டிருந்த 344ஆவது காலாட்படை டிவிசனின் வார்ப்புருவில் இதைக் கூடுதல் நிரலாகச் சேர்ப்பது. கடற்கரைக் காவலில் இருந்த நிலையைக் காட்ட இரண்டாவது வழியே பொருத்தம்.

கடற்கரைக் காவல்

போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்காசியாவுக்குப் புறப்பட்டார். ரெஜிமெண்ட் அதே ஆண்டில் நெதர்லாந்துக் கடற்கரைக்கும், பின்னர் பிரான்சில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள லக்கனோவுக்கும் அனுப்பப்பட்டது. பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்நிலம் கிடப்பதுபோல, லக்கனோவிலும் ஏரிக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே மணல்மேடுகள் உள்ளன.

2,600 பேர் கடற்கரையைக் காப்பது என்றால் என்ன என்பதை நமக்குத் தெரிந்த கரையை வைத்துக் கணக்கிடலாம். சென்னைத் துறைமுகத்தில் தொடங்கிக் காசிமேடு, எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு முகத்துவாரம் வரை கடற்கரை சுமார் 40 கி.மீ. ரெஜிமெண்ட் முழுவதையும் இங்கே வரிசையாக நிறுத்தினாலும் கிலோமீட்டருக்கு 65 பேர்தான். மூன்று முறை மாற்றிக் காவல் நின்றால் ஒரு நேரத்தில் ஏறத்தாழ 22 பேர். சமையல், வண்டி, குதிரைப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் போனவர்களைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு மீனவர் குப்பத்தில் படகு தள்ளக் கரையில் கூடும் ஆட்கள் இதைவிட அதிகம். நிலப்படத்தில் ஒரு மாநிலத்தின் கரை முழுவதையும் ஒரே குறி காப்பதுபோல் விளையாட்டு காட்டினாலும், தரையில் நிலைமை இதுதான்.

1944 ஆகத்தில் நேச நாட்டுப் படைகள் முன்னேறியபோது ரெஜிமெண்ட் லக்கனோவிலிருந்து பின்வாங்கியது. அந்த மாதத்திலேயே அது வாஃபன் எஸ்.எஸ். அமைப்பின் கீழ் மாற்றப்பட்டது. பின்வாங்கும் வழியில் பிரெஞ்சு மக்கள் மீது அத்துமீறியதாக அதன் மீது குற்றச்சாட்டுகள் உண்டு. 1945 ஏப்ரலில் போர் முடியும் தறுவாயில் அதன் வீரர்கள் நேச நாட்டுப் படைகளிடம் பிடிபட்டனர்.

வரம்புகள்

விளையாட்டில் ஒரு பிரிவு ஆட்களை இழந்தால் நாட்டின் பொது ஆள்பலத்திலிருந்து இடம் நிரப்பப்படும். 950ஆவது ரெஜிமெண்டுக்கு அப்படி ஒரு பொதுக் கையிருப்பு இல்லை. போர்க் கைதிகளிலிருந்தே அதற்கு ஆள் வர வேண்டும். இதைக் காட்ட விரும்புவோர் அந்த வார்ப்புருவை நிரப்பு வரிசையில் கடைசியாக வைக்கலாம்.

இதைவிடப் பெரிய வரம்பு ஒன்றும் உண்டு. யூதப் படுகொலையும் வதை முகாம்களும் இந்த விளையாட்டில் இடம்பெறவில்லை. சுவஸ்திகா சின்னமும் காட்டப்படுவதில்லை. குற்றங்களை விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் அதன் விளைவாக, ஜெர்மானிய டிவிசன் வெறும் எண்களின் தொகுப்பாகத் தோன்றிவிடுகிறது. அது எந்த அரசுக்காகப் போரிட்டது என்பது வார்ப்புருவில் தெரிவதில்லை.

950ஆவது ரெஜிமெண்டிலும் அப்படியே. நாட்டு விடுதலைக்காகச் சேர்ந்தவர், முகாம் வாழ்விலிருந்து தப்பச் சேர்ந்தவர், நண்பர் சேர்ந்ததால் சேர்ந்தவர் எல்லாரும் 'ஆள்பலம்' என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றனர். அதே போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் எதிர்த் தரப்பில், பிரித்தானிய இந்தியப் படையில் இருந்தனர். படையின் அமைப்பைக் கற்க இத்தகைய மீளமைப்பு நல்ல கருவி. அந்தப் படையில் இருந்தவர்களைப் பற்றி அறிய வரலாற்று நூல்களையே நாட வேண்டும்.