குறிகாட்டியும் சூழலும்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி ஒரு நோக்கு

மருத்துவ ஆய்வுகூடத்தின் முடிவுகள் சமுதாய உறவுகளுக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகின்றது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. 1895 ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறுவை மருத்துவரான லூட்விக் றேன், அனிலீன் சாயத் தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டு அறிவித்தார். இந்நோய்க்கு முதலில் அறியப்பட்ட குறிகாட்டி புரதமன்று; நோயாளி செய்த தொழிலே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்று புதிதாகக் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரிடம் புற்றானது சிறுநீர்ப்பையின் தசையை ஊடுருவாத ஆரம்ப நிலையிலேயே காணப்படுகின்றது. எனினும் அகற்றிய பின்னரும் அது மீண்டும் தோன்றும் இயல்பினது. அவ்வபாயம் மிகுந்தோருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி. அளிக்கப்படுகின்றது. 1976 இல் கனடாவிலே அல்வாறோ மொறாலெசும் குழுவினரும் ஒன்பது நோயாளர் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு வாரம் மருந்தைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்தும் அம்முறையே இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படையாகும். நலிவுறச் செய்யப்பட்ட பற்றீரியா, உடலின் நிர்ப்பீடனக் கலங்களைப் புற்றுக்கு எதிராகத் திரட்டுகின்றது.

ஆயின் எல்லோரிடமும் இச்சிகிச்சை பலிப்பதில்லை. பலிக்குமா என்பதை முன்கூட்டியே உணர்த்தும் புரதம் உண்டா என்ற வினா இங்குதான் எழுகின்றது. பி.53 என்னும் புரதம் நெடுங்காலம் ஆராயப்பட்டும் சிகிச்சையைத் தீர்மானிக்கும் குறிகாட்டியாக நிலைபெறவில்லை. அடுத்து ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது பி.டி.எல்.1 ஆகும். தாக்கவரும் ரி கலங்களைத் தடுத்து நிறுத்துவது இதன் தொழில். ஆனால் அக்கலங்கள் தாக்கும்போது சுரக்கும் இன்ரபெரோனே புற்றுக் கலங்களில் இப்புரதத்தைப் பெருக்கவும் செய்கின்றது. ஆகவே அதன் மிகுதி, புற்றின் தற்காப்பைக் காட்டுவதாகலாம். உடலின் எதிர்ப்பு விழித்திருப்பதைக் காட்டுவதாகவுமாகலாம். ஒரே குறி முரண்பட்ட இரு பொருள்களைத் தாங்குகின்றது. போதாக்குறைக்கு, வெவ்வேறு பரிசோதனைகள் வெவ்வேறு அளவுகோல்களால் அதனை அளக்கின்றன.

2020 இல் ஐக்கிய அமெரிக்கா, பி.சி.ஜி. பலிக்காத ஒரு பிரிவினருக்குப் பெம்புறொலிசுமாப் மருந்தை அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்விலே 96 பேரில் 41 வீதத்தினரிடம் புற்று முற்றாக மறைந்தது. அம்மருந்து பி.டி.எல்.1 இன் தொழிலையே முறியடிப்பதாயினும், அப்புரதத்தின் அளவு அனுமதிக்கு நிபந்தனையாக்கப்படவில்லை. சொல்லொன்றைப் பனுவலிலிருந்து பிடுங்கிப் பொருள்கொள்ள முனையும் திறனாய்வு வழுவுவதுபோலவே, புரதமொன்றைச் சூழலிலிருந்து பிரித்து நோக்கும் முறையும் வழுவுகின்றது. குறிகாட்டி ஒரு பொருளன்று, ஓர் உறவு.

இவ்வுறவு கலங்களோடு முடிவதுமன்று. 2012 இல் ரொறன்ரோவிலிருந்த பி.சி.ஜி. உற்பத்திச்சாலை வெள்ளத்தாற் பாதிக்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் இவ்வுற்பத்தியையே கைவிட்டது. ஐக்கிய அமெரிக்காவுக்கு வழங்குநராக ஒரே நிறுவனம் எஞ்ச, மருந்து பற்றாக்குறையாகி, ஒருவருக்குரிய அளவைப் பங்கிட்டு வழங்கும் நிலையும் தோன்றியது. புதிய காப்புரிமை மருந்துகள் சந்தையை நிறைக்க, விலைமலிந்த பழைய மருந்து கிடைப்பதரிதாயிற்று. எந்த நோயாளிக்கு எம்மருந்து பலிக்கும் என்ற வினாவுக்கு முன்னதாக, எந்த நோயாளிக்கு மருந்து கிட்டும் என்ற வினா நிற்கின்றது. அன்று சாயத் தொழிலாளியின் உடலிலே எழுதப்பட்ட அதே வினாதான் இது. இரண்டையும் ஒருங்கே எழுப்பும் ஆய்வே மக்களுக்குப் பயன்படும் விஞ்ஞானமாகும் என்பது எமது துணிபு.