ஹம் சத்தம் வந்தா எர்த் பின்னைக் கழட்டாதீங்க

போடிநாயக்கனூர்ல ஒரு திருவிழாக் கச்சேரி. கிதார் ஆம்ப் மேடையில, மிக்சர் 20 மீட்டர் தள்ளி. ரெண்டும் வேற வேற பாயிண்ட்ல கரண்ட் எடுக்குது. ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். ஒருத்தர் வந்து ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னைக் கழட்டினார். சத்தம் நின்னுடுச்சு. எனக்கு அப்பதான் பயம் வந்தது.

ரெண்டு கருவிக்கும் எர்த் இருக்கு. ஆடியோ கேபிளோட ஷீல்டு அந்த ரெண்டையும் இணைச்சு ஒரு வளையம் ஆக்கிடுது. அதுல ஓடுற 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் இரைச்சல். பின்னைக் கழட்டினா வளையம் உடையும், பாதுகாப்பும் போயிடும். ஆம்ப்ல லீக்கேஜ் வந்தா, கிதார் கம்பியில கை, மைக்ல உதடு: கரண்ட் உடம்பு வழியா பாயும். 1972-ல ஸ்காட்லாந்து கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, ஸ்வான்சீ மேடையில எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார்.

சரியான வழி டிஐ பாக்ஸ். கிதாரை அதுல சொருகுங்க. 'த்ரூ' ஆம்புக்கு, எக்ஸ்எல்ஆர் மிக்சருக்கு. சிக்னல் ரெண்டு ஒயர்ல, ஒண்ணு தலைகீழா போகும். வழியில ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறுற இரைச்சலை மிக்சர் கழிச்சிடும். அப்பவும் ஹம் வந்தா 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டுங்க. அது ஆடியோ ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும்; பிளக்கோட எர்த் அப்படியே இருக்கும்.

கிதார், காண்டாக்ட் பிக்கப் வச்ச வயலினுக்கு ஆக்டிவ் டிஐ நல்லது. மிக்சரோட 48 வோல்ட் ஃபேன்டம் பவர்லயே பெரும்பாலும் ஓடும். கீபோர்டுக்கு பாசிவ் போதும்.

போடிமெட்டுக்கு மேல, மழையில நனைஞ்ச ஏலத்தோட்டத்துல மேடை போட்டா இன்னும் கவனம். ஈரக் காலுக்கு ஷாக் பலமா அடிக்கும். அங்க அந்த எர்த் பின் ஒரு உயிர்.