சட்டம் ஆஸ்டினில், செலவு கவுண்டியில்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. 1876-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டப்படி ஒவ்வொன்றிலும் ஒரு கவுண்டி நீதிமன்றம் உண்டு. அதன் நீதிபதியே கவுண்டி நிர்வாகக் குழுவுக்கும் தலைவர். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ஜனம் பெருகிய இடங்களில் அவர் ஒருவரால் வழக்குகளைச் சமாளிக்க முடியாது. அதற்காக வந்தவைதான் ‘கவுண்டி கோர்ட் அட் லா’ எனப்படும் கூடுதல் நீதிமன்றங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கைகலப்பு, சிறு திருட்டு என்று அதிகபட்சம் ஓராண்டுச் சிறைக்கு உரிய வழக்குகளே அங்கே அதிகம். இப்படியொரு நீதிமன்றத்தை உருவாக்குவது தலைநகர் ஆஸ்டினில் கூடும் சட்டமன்றம். அதை ஆண்டுதோறும் நடத்துகிற செலவில் பெரும்பகுதி கவுண்டியின் தலையில், அதாவது அங்கே வீடு வைத்திருப்பவர்களின் சொத்து வரியில் விழுகிறது.

செலவு என்றதும் நீதிபதியின் சம்பளத்தைத்தான் பேசுகிறார்கள். அதில் மாநிலமும் கைகொடுக்கிறது: டிஸ்ட்ரிக்ட் கோர்ட் நீதிபதிக்கு மாநிலம் தரும் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதத்துக்கு ஈடான தொகை கவுண்டிக்கு வருகிறது. கணக்கில் நழுவிப்போவது அந்த நாற்காலியைச் சுற்றி இருப்பவைதான். ஆறு ஜூரிகள் உட்கார இடம், அவர்கள் தனியே கூடி முடிவெடுக்க ஓர் அறை, கைதிகளை அழைத்துவரத் தனி வழி, வாசலில் உலோகச் சோதனைக் கருவி. பேச்சை வரி விடாமல் பதிவு செய்யும் கோர்ட் ரிப்போர்ட்டர், அறையில் ஒழுங்கு காக்கும் பேலிஃப், வாய்தாத் தேதிகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர், கூடுதல் அரசு வழக்கறிஞர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு வக்கீல் தராமல் சிறு குற்றத்துக்கும் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்தது. டெக்சஸில் அந்த வக்கீல் கட்டணத்தின் பெரும்பங்கும் கவுண்டியுடையதே. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நகராது. 2017-இல் ஹார்வி புயல் வெள்ளம் ஹியூஸ்டனின் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தை முடக்கியபோது நீதிபதிகள் இருந்தார்கள், அறைகள் இல்லை; ஒரே அறையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள், வழக்குகள் தேங்கின.

அபராதமும் கோர்ட் கட்டணமும் இந்தச் செலவை ஈடுகட்டிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அங்கே நிற்பவர்களில் பலர் ஜாமீன் தொகையே கட்ட முடியாதவர்கள். அபராதம் கட்ட வழியில்லாதவரை அதற்காகவே சிறையில் தள்ளக் கூடாது என்பதும் 1971 முதல் சட்டம். ஏழையிடம் வசூலித்து நீதிமன்றம் நடத்தும் திட்டம் கணக்கிலும் நிற்காது, நியாயத்திலும் நிற்காது. வரியை உயர்த்தலாமே என்றால், 2019-இல் வந்த சட்டப்படி பழைய சொத்துகளிலிருந்து கிடைக்கும் வருவாய் 3.5 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டுமானால் கவுண்டி வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்க வேண்டும்.

அப்படியானால் புதிய நீதிமன்றமே வேண்டாமா? வேண்டாம் என்பதற்கும் ஒரு செலவு உண்டு. அது கவுண்டிச் சிறையை நடத்தும் ஷெரீஃபின் கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விசாரணைக் கைதி இன்னும் சில வாரம் கவுண்டிச் சிறையில் இருக்கிறார். அவருக்குச் சோறு, மருத்துவம், காவல் எல்லாம் அதே கஜானாவிலிருந்துதான் போகிறது. அந்த வாரங்களில் அவர் வேலை போகலாம், வீட்டு வாடகை நிற்கலாம். அதை எந்த பட்ஜெட்டும் எழுதுவதில்லை. ஓய்வு பெற்ற நீதிபதிகளைத் தற்காலிகமாக அமர்த்தலாம் என்ற யோசனை, புயலால் வந்த தேக்கத்துக்குச் சரி. ஹியூஸ்டன், ஆஸ்டின் நகரங்களைச் சுற்றி வருஷா வருஷம் ஜனம் பெருகும் புறநகர்க் கவுண்டிகளுக்கு அது போதாது. அங்கே நீதிமன்றம் வேண்டும்தான். ஆனால் உருவாக்கும் அதிகாரம் தன் கையில் இருக்கும்போது, 60 சதவீதச் சம்பளத்தோடு மாநிலம் கை கழுவக் கூடாது. ஏழைகளின் வக்கீல் செலவையாவது முழுதாக ஏற்க வேண்டும். கவுண்டிக் குழுவும் ஆஸ்டினிடம் புது நீதிமன்றம் கேட்கும் நாளில், மேசையில் அதன் மதிப்பீட்டையும் சிறையின் செலவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.