பூஸ்ட்டைக் கூட்டுறதுக்கு முன்னாடி

90களில் அமெரிக்காவுல நிசான் 240எஸ்எக்ஸ் வாங்கினவங்களுக்கு ஒரு குறை. அதே வண்டி ஜப்பானில் சில்வியா என்ற பேரில் எஸ்ஆர்20டிஇடி டர்போ இன்ஜினோட, 205 குதிரைத்திறனில் வந்தது. இவங்களுக்குக் கிடைச்சது டர்போ இல்லாத 2.4 லிட்டர், 155தான். அதனால ஜப்பானில் கழட்டின பழைய இன்ஜினை வரவழைச்சு, வீட்டு கராஜிலேயே மாத்த ஆரம்பிச்சாங்க. இன்ஜினைத் தூக்க ஒரு ஹாய்ஸ்ட், கூட ரெண்டு பேர், வயரிங்குக்கு ஏகப்பட்ட பொறுமை. அவ்வளவுதான்.

ஆபத்து அடுத்த ஆசையில் இருக்கு: பூஸ்ட்டைக் கூட்டுறது.

வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டர்போ அதுக்கு மேலே 7 பிஎஸ்ஐ தள்ளினா, சிலிண்டருக்குள்ள கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று (காற்று சூடாகாம இருந்தா, இன்டர்கூலர் அதுக்குத்தான்). காற்று கூடினா பெட்ரோலும் கூடணும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல்னு படிச்சிருப்பீங்க. அதே எண் வந்தது வெறும் தற்செயல். ஆனா முழு பூஸ்ட்டில் 11, 12 பங்கு காற்றுக்கே 1 பங்கு பெட்ரோல் விடுவாங்க. அந்த உபரி பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டர் சூட்டைக் குறைக்கும். பழைய இன்ஜெக்டரை வச்சுக்கிட்டே பூஸ்ட்டை ஏத்திக்கிட்டு போனா, ஒரு கட்டத்துல பெட்ரோல் பத்தாம நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும். சில நொடி போதும்.

பூஸ்ட் கண்ட்ரோலரைத் திருகுறது ஒரு நிமிஷ வேலைங்கிறதுதான் சிக்கலே. முதல்ல வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சர் மாட்டுங்க. அப்புறம் பெரிய இன்ஜெக்டர், இசியு டியூனிங். அதுக்கப்புறம் மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு பிஎஸ்ஐயா ஏத்துங்க.