கேளாமல் விதிக்கும் தண்டனை

தொழிற்சாலையில் அடிக்கடி தாமதமாக வரும் தொழிலாளி ஒருவரை நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றிவிட முடியாது. குற்றம் இன்னதென்று எழுத்து மூலம் தெரிவித்து, அவர் சமாதானம் எழுதிக் கொடுக்க அவகாசம் அளித்து, அது திருப்தி தராவிடில் உள்விசாரணை நடத்தி, அதன் பிறகும் குற்றத்தின் தன்மையோடு அவருடைய முந்தைய நடத்தையையும் சீர்தூக்கிப் பார்த்தே தண்டனையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது, 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் வழியாக நம் நாட்டுத் தொழிலகங்களில் வேரூன்றிய முறை. அபராத விஷயத்தில் 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தது. காரணம் சொல்லச் சந்தர்ப்பம் அளிக்காமல் அபராதம் விதிக்கலாகாது. விதித்த தொகை பதிவேட்டில் ஏற வேண்டும். வசூலான பணம் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும். 15 வயது நிரம்பாதவருக்கு அபராதமே கூடாது.

வளர்ந்த மனிதர்களின் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் சமூகம், பத்து வயதுப் பிள்ளை பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் என்ன செய்கிறது? வாயிற்கதவைச் சாத்தி வெளியே நிறுத்துகிறது. முட்டி போடச் சொல்கிறது. சில இடங்களில் அபராதமும் வாங்குகிறது. பஸ் வரவில்லையா, தம்பிக்குக் காய்ச்சலா, தாயார் விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டாரா என்று எவரும் கேட்பதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டத் தண்டனையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் இதே மண்ணில் வேறொரு பரீட்சையும் நடந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகளின் தவறுகளை ஒரு புத்தகத்தில் குறித்துவைத்து, வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க வாசிக்கச் செய்து, மாணவர்களையே ஜூரிகளாக அமர்த்தித் தீர்ப்புச் சொல்ல வைத்தார். எல்லோரும் கேட்கத் தவறுகளை வாசிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயினும், தண்டனைக்கு முன்னால் விசாரணை உண்டு என்ற எண்ணம் அன்றைக்கே ஒரு வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. பிரம்பு பெரும்பாலும் ஒளிந்துகொண்டது. அதன் இடத்தில் சுடுசொல்லும், நூறு தடவை இம்போசிஷனும், டி.சி. கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் விசாரணை நடத்தினால் பாடம் நடத்துவது எப்போது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சுமை மெய்யானதுதான்.

எனக்குள்ள பெருங்கவலை வேறு. பன்னிரண்டு ஆண்டுகள் வாய் திறந்தால் “எதிர்த்துப் பேசாதே” என்ற அதட்டலையே கேட்டு வளர்ந்த ஒருவன் வேலைக்குப் போய், அங்கே மெமோ ஒன்று கையில் கிடைத்ததும், அதற்குப் பதில் எழுதும் உரிமை தனக்குண்டு என்பதையே அறியாமல், யாரோ எழுதி நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு விடுகிறான். உள்விசாரணையில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னால், தலைகுனிந்து நிற்கிறான். அதே வகுப்பில் அவனோடு படித்து மேற்பார்வையாளர் ஆனவனோ, காரணம் கேட்பதைப் பலவீனமென்றும் அதட்டுவதையே ஒழுங்கென்றும் கருதி, ஷிப்டுக்கு ஷிப்டு புதிய பகையைச் சம்பாதிக்கிறான். சட்டம் அளித்த பாதுகாப்பு முழுவதும், பேசப் பழகாத நாவினால் வீணாகிப் போகிறது. கட்டுப்பாடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மணியடித்தால் வகுப்பு தொடங்கத்தான் வேண்டும், இயந்திரத்தின் அருகே விதியை மீறியவன் கண்டிக்கப்படத்தான் வேண்டும். கண்டிப்பதற்கு முன்னே கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாமதமாக வருவோரின் பெயரை எழுதும் நோட்டில், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். அதில், தான் தாமதமாக வந்த காரணத்தைப் பிள்ளை தன் கையாலேயே இரண்டு வரி எழுதட்டும். அதைப் படித்த பிறகு தண்டனையைப் பற்றி யோசியுங்கள். வரும் திங்கட்கிழமையே இதைத் தொடங்கலாம்.