ஐட்லிங்கில் நடுங்கும் மாருதி 800: பார்ட்ஸ் மாற்றும் முன் அதிர்வை எண்ணிப் பாருங்கள்

ராசிங்காபுரம், தேவாரம், போடி பக்கம் இன்னும் மாருதி 800 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. பழசாகிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே புகார்தான்: நின்றால் ஸ்டீயரிங் நடுங்குது, கண்ணாடி கடகடங்குது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முதலில் மவுண்ட், அடுத்து பிளக், அப்புறம் கார்புரேட்டர், கடைசியில் "என்ஜினை இறக்கிப் பாத்துரலாம்". பார்ட்ஸ் மாற்றி மாற்றித் தேடுவது பணம் இருக்கிறவர்கள் வேலை. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி எத்தனை தடவை ஆடுகிறது?

கணக்கு சுலபம். 796 சிசி, 3 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக். ஒவ்வொரு சிலிண்டரும் 2 சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். ஆக 3 சிலிண்டருக்கும் சேர்த்து சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. ஐட்லிங் 900 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 15 சுற்று, 22.5 வெடிப்பு. இந்த 22.5 ஹெர்ட்ஸ் நல்ல என்ஜினிலும் இருக்கும். 15 ஹெர்ட்ஸிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஏனென்றால், 3 பிஸ்டன்களின் விசைகள் கூட்டிப் பார்த்தால் சரியாகிவிடும், ஆனால் முன் பிஸ்டனும் பின் பிஸ்டனும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் என்ஜின் சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். பிறவிக் குணம், அதற்கு வைத்தியம் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது 7.5 ஹெர்ட்ஸ். ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால், அந்தக் குறை 2 சுற்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். கையில் தொட்டாலே 'தட்... தட்...' என்று தனியாகத் தெரியும்.

இதை அளக்க லேப் எல்லாம் வேண்டாம். போனில் இருக்கும் முடுக்கமானி போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் கொடுக்கிறது. அதில் முடுக்கத்தின் அலைமாலையைப் பார்க்கலாம். சீட் ரெயிலில் போனை டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். நொடிக்கு 100 அளவுகள் எடுக்கிற போன் 50 ஹெர்ட்ஸ் வரை காட்டும். ஐட்லிங்குக்கு அது தாராளம். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியா? வெடிப்புக்கான முகட்டை 1.5-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள், ஆர்பிஎம் வந்துவிடும்.

7.5 பக்கம் முகடு பெரிதாக இருந்தால், எந்தச் சிலிண்டர் என்று பார்க்க பழைய மெக்கானிக்குகளின் வழியே போதும். காப்பிட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர் முனையை பாடியில் எர்த் ஆகும்படி வைப்பார்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் என்ஜின் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றியும் வித்தியாசமே இல்லையோ, அதுதான் ஆள். அதற்குப் பிறகுதான் பிளக், ஒயர், கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் போகணும். (எம்பிஎஃப்ஐ வண்டியில் பிளக் ஒயருக்குப் பதில் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவது நல்லது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகாது.)

7.5 அமைதியாக இருந்து 22.5 மட்டும் வண்டிக்குள் பலமாக வருகிறதா? என்ஜின் மேல் சந்தேகம் வேண்டாம், மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். ரப்பருக்கும் ஸ்பிரிங் மாதிரி ஒரு இயல்பு அதிர்வெண் உண்டு. அதைப்போல் 1.41 மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். புது மவுண்டில் அது 10 ஹெர்ட்ஸ் என்றால் 14-க்கு மேல் தடுப்பு வேலை செய்யும், 22.5 அடங்கிவிடும். ரப்பர் காய்ந்து இறுகி 18 ஹெர்ட்ஸ் ஆகிவிட்டால் எல்லை 25-க்கு ஏறிவிடும். இப்போது அதே 22.5-ஐ ரப்பர் தடுப்பதற்குப் பதில் பெரிதாக்கிக் கொடுக்கும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நடுக்கம் மறைவதும் இதனால்தான். நிறைய பேர் ஐட்லிங்கைக் கூட்டி வைத்து 'சரியாயிடுச்சு' என்பார்கள். ரப்பர் அப்படியேதான் இருக்கும், பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.

நம்ம ஊருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. போடியில் நன்றாக நிற்கும் கார்புரேட்டர் வண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டில் நின்றால் நடுங்கும். மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை, கலவை கெட்டியாகிவிடும். கீழே இறங்கியதும் சரியானால் எதையும் மாற்றாதீர்கள். ஏலத்தோட்டத்துக்குத் தினமும் மேலே போகிற வண்டிக்கு, டியூனிங்கை மேலேயே வைத்துச் செய்வதுதான் என் யோசனை.

ஓடும்போது மட்டும் ஆட்டம் என்றால் கதை வேறு. 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.6 மீட்டர் போகும்; 60 கிமீ வேகத்தில் நொடிக்குப் பத்துச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். போன் அதே பத்தைக் காட்டினால் வீல் பேலன்ஸிங் கடைக்குப் போங்கள். நியூட்ரலில் விட்டும் பார்க்கலாம்: ஆர்பிஎம் இறங்கியும் ஆட்டம் மாறவில்லை என்றால் என்ஜின் காரணமில்லை. ஆனால் இதை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தேவாரம் ரோடு மாதிரி சமமான ரோட்டில் மட்டும் செய்யணும். மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் என்ஜின் பிரேக்கிங் போய்விடும், கீழே வருவதற்குள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

தோட்டத்துக்குப் போகும் 4 சிலிண்டர் டீசல் ஜீப்புக்கு எண்கள் மாறும்: சுற்றுக்கு 2 வெடிப்பு, 750 ஆர்பிஎம்மில் 25 ஹெர்ட்ஸ், ஒரு சிலிண்டர் படுத்தால் 6.25.